காலை வெயிலுக்கு ஒரு சுவர்

“எத்தனை கிலோவாட் போட்டிருக்கீங்க?”

பழைய பூண்டுக் கொட்டகையை அம்மாவுக்கு அறையாக்கி, வெயிலை வைத்தே அதைச் சூடாக்குகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். கூரைமேல் இருப்பது 100 வாட் பேனல் ஒன்று, அதுவும் விளக்குக்கு மட்டும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அப்புறம் சூடு எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து. அதைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சோலார் என்ற சொல் நம் ஊரில் பேனல் என்ற பொருளில் இறுகிவிட்டது. வெயில் என்றால் முதலில் சூடுதான், மின்சாரமெல்லாம் பிறகு வந்தது என்பதை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு குளிர்காலம் பார்த்தாகிவிட்டது. இனி எழுதலாம்.

எங்கள் வீடு கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறைப் பக்கம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். உருளைக்கிழங்குச் செடியில் உறைபனி விழுந்தால் வெயில் ஏறுவதற்குள் இலை கருகிப் போகும். அப்பா இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகையில் மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, கீழே விறகு வைத்துப் புகை போடுவார்கள். அவர் போனபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். கொட்டகையில் மண்வெட்டியும் பழைய சாக்கும்தான் மிஞ்சின. அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குள் ஏறி இறங்க ஏழு படி. கொட்டகையோ தரைமட்டத்தில் இருக்கிறது. “அதை எனக்குக் கொடுத்திரு, நான் பாட்டுக்கு இருந்துக்கறேன்” என்று அவர்தான் கேட்டார். தரை போட்டு, பின்பக்கம் ஒரு கழிவறையும் கட்டிக் கொடுத்தோம்.

அந்த வருடம் ஜனவரியில் ஒருநாள் காலை ஏழு மணி தாண்டியும் கதவு திறக்கவில்லை. நான் போய்த் தட்டி, கூப்பிட்டு, கடைசியில் தோளால் இடித்துத் திறந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, எழுந்திருக்க முடியாமல், தலையைப் பிடித்துக்கொண்டு. கட்டிலுக்குக் கீழே கணப்புச் சட்டி. கரி சாம்பலாகியிருந்தது. ஜன்னல் இடுக்கில்கூடத் துணி திணித்து அடைத்திருந்தார். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தே செய்கிறோம், ஏனென்றால் குளிர் அப்படி. அம்மா வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் காற்று வாங்கிய பிறகுதான் தெளிந்தார். என் கைநடுக்கம் நிற்க அதைவிட நேரம் ஆனது. கணப்புச் சட்டி இனிமேல் அறைக்குள் வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவானது. அதற்குப் பதில் என்ன என்பதுதான் தெரியவில்லை.

முதலில் போனது கீழே ஊரில் இருக்கிற ஒரு சோலார் கடைக்கு. 1500 வாட் ஹீட்டரை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக 3 கிலோவாட் பேனல், 12 யூனிட்டையும் பிடித்து வைக்கிற பேட்டரி, அதற்கேற்ற இன்வெர்ட்டர். கடைக்காரர் நிதானமாகத்தான் கணக்குப் போட்டார், கணக்கில் தப்பும் இல்லை. ஆனால் பத்துக்குப் பதினான்கு அடி அறையை வெதுவெதுப்பாக்க இத்தனை லட்சமா என்று மனம் ஒப்பவில்லை. வெயிலைப் பேனல் பிடித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, அதைப் பேட்டரியில் போட்டு, மறுபடி எடுத்துக் கம்பியைக் காய்ச்சிச் சூடாக்குவது. நேரே ஒரு கருங்கல்லை வெயிலில் வைத்தால் அது காய்கிறதே!

லடாக்கில் பார்த்தது

2019இல் வேலை விஷயமாக லே போயிருந்தபோது அங்கே வீடுகளின் தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்தேன். அதிலேயே ஒரு வகை, கண்ணாடிக்குப் பின்னால் கருப்புப் பூசிய தடித்த சுவர். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே சில அங்குல இடைவெளி. பகலில் வெயிலைச் சுவர் குடித்துக்கொள்ளும், ராத்திரி மெல்ல உள்ளே விடும். பிரான்சின் பிரனீஸ் மலையில் ஒதேய்யோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் என்ற பொறியாளர் 1960களில் இப்படி வீடு கட்டிக் காட்டியதால் இதை ட்ரோம்ப் சுவர் என்கிறார்கள். லேவுக்குப் பக்கத்தில் பே கிராமத்தில் இருக்கும் செக்மோல் பள்ளி வளாகம் வெளியே மைனஸ் இருபது டிகிரியிலும் வெயிலை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே முடிகிறபோது, உறைபனிக் கோட்டைச் சும்மா தொட்டுவிட்டுப் போகிற எங்கள் மலையில் முடியாதா?

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. எங்கள் ஊரில் உறைபனி விழுவதே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிற ராத்திரிகளில்தான். மேகம் போர்வை மாதிரி, அது இருந்தால் தரையின் சூடு மேலே போகாது. எந்த ராத்திரிக்குச் சூடு அதிகம் வேண்டுமோ, அந்த ராத்திரிக்கு முன்னும் பின்னும் நல்ல வெயில் இருக்கும். தேவையும் வரவும் இப்படி ஒரே நாளில் அமைவது பெரிய வரம். கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1901லிருந்து அங்கே சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டதும் அங்கேதான். சூரியனைப் பார்க்கவென்றே தேர்ந்தெடுத்த மலை. அந்த வெயிலைச் சுவரில் பிடிக்க முடியாமலா போகும் என்று நினைத்தேன்.

கொட்டகை சரிவுக்கேற்ப நிற்கிறது, திசைக்கேற்ப இல்லை. பதினான்கு அடி நீளச் சுவர் கிழக்கே பார்த்து, கொஞ்சம் தெற்கே திரும்பியிருக்கும். பத்தடிச் சுவர் தெற்கே பார்த்து, கொஞ்சம் மேற்கே திரும்பியிருக்கும். லடாக்கில் தெற்கு, படித்த எல்லாவற்றிலும் தெற்கு. நானும் தெற்குச் சுவரைத்தான் எடுத்தேன். ஒன்றரை அடித் தடிமன், கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டியது. வெளிப்பூச்சைச் சுரண்டி, பளபளப்பில்லாத கருப்புப் பெயிண்ட் அடித்து, நாலங்குலம் தள்ளி சில்வர் ஓக் சட்டத்தில் கண்ணாடி மாட்டினோம். கண்ணாடி, விடுதி ஒன்றை இடித்தபோது வாங்கிய பழைய ஜன்னல் பலகைகள். டிசம்பர் முதல் வாரம் வேலை முடிந்தது. தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வேளையும் எழுத ஆரம்பித்தேன். விடியற்காலை வெளியே 5 டிகிரி, உள்ளே 9. கண்ணாடி போடுவதற்கு முன்னால் உள்ளே 8. இத்தனை வேலைக்கும் ஒரு டிகிரி. அம்மா எதுவும் சொல்லவில்லை, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா உட்கார்ந்த இடம்

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. காலை எட்டரை மணி. நான் தெற்குச் சுவர்ப் பக்கம் நின்று கண்ணாடிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது. அந்தச் சுவரில் வெயில் சரியாக விழவே பத்தரை, பதினொன்று ஆகும். அம்மா வெயில் காய வசதியாக இருக்கட்டும் என்று நான் அங்கே போட்டுவைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவைத் தேடினால் கொட்டகையின் கிழக்குப் பக்கம், வெறும் சாக்கை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “அங்கிட்டு எதுக்குடா கெடந்து அல்லாடுற? இங்கிட்டு வந்து முதுகைச் சாய்ச்சுப் பாரு” என்றார்.

சாய்ந்தேன். அந்தக் கல்லின் சூட்டை எப்படிச் சொல்வது? இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணிக்குள் கையை நுழைத்த மாதிரி இருந்தது. கண்ணாடியும் இல்லை, கருப்புப் பெயிண்டும் இல்லை, வெறும் காரை பெயர்ந்த சுவர். அதில் ஒரு இடத்தில், அம்மாவின் முதுகு படுகிற உயரத்தில், காரை வழவழப்பாக எண்ணெய் ஏறி மினுங்கியது. எத்தனை வருடமாக அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த மினுக்கு சொன்னது. சின்ன வயதில் நானும் பள்ளிக்கூடம் போகுமுன் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றைக்கு வந்த கொத்தனார் அண்ணனும் இரண்டு சுவரையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்னி மூலையை விட்டுட்டு எமன் தெசைக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்களே தம்பி. நம்ம மலையில மதியத்துக்கு மேல ஏது வெயிலு? மூட்டம் ஏறிருமே.” எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை என் நோட்டுப் புத்தகமே ஒப்புக்கொண்டது. பல நாட்களில் ஒரு மணி, ஒன்றரை மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறியிருந்தது. தெற்குச் சுவருக்குக் கிடைத்தது இரண்டு, இரண்டரை மணி நேர நல்ல வெயில்.

அன்று ராத்திரி உட்கார்ந்து சூரியன் நிற்கும் கோணத்தைக் கணக்குப் போட்டேன். டிசம்பர் கடைசியில் லேயில் உச்சி வெயில் தரையிலிருந்து 32 டிகிரி உயரத்தில் நிற்கும், தெற்குச் சுவரில் ஏறக்குறைய நேராக அடிக்கும். நம்மிடம் அதே நாள் உச்சியில் 56 டிகிரி. வெயில் சுவரை வழித்துக்கொண்டு கீழே போகிறது, பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் சுவருக்குக் கிடைக்கும். ஆனால் காலை எட்டு மணி தாண்டும்போது சூரியன் இருபது சொச்சம் டிகிரி உயரத்தில், கிழக்கிலிருந்து நன்றாகவே தெற்கே ஒதுங்கி நிற்கிறது. அதாவது எங்கள் நீளச் சுவருக்கு நேர் எதிரே. பத்தில் ஒன்பது பங்கு வெயில் சுவரிலேயே விழும். லேயின் மத்தியான வெயிலுக்கு இணையான வெயில் எங்களுக்குக் காலையில், கிழக்குச் சுவரில் இருக்கிறது. அம்மாவின் முதுகுக்கு அது தெரிந்திருந்தது. நான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரின் தெற்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். கூடுதலாகக் கொஞ்சம் வாங்கி, பன்னிரண்டு அடிக்கு ஆறடி. அம்மா ஒரு பக்கம் இரண்டடியை மட்டும் மூட விடவில்லை. அவர் சாயும் இடம் அது. இப்போதும் வெறும் சுவராகவே இருக்கிறது.

ஊதுபத்தி வைத்துப் பார்த்தது

சுவர் மூலமாகச் சூடு உள்ளே வந்துசேர நேரமாகும். பகலிலும் கொஞ்சம் வேண்டும் என்றால் சுவரின் அடியிலும் மேலேயும் துளை போட வேண்டும். கண்ணாடிக்குள் காய்ந்த காற்று மேல் துளை வழியே அறைக்குள் வரும், அறையின் குளிர்ந்த காற்று அடித் துளை வழியே கண்ணாடிக்குள் போகும். மோட்டார், விசிறி எதுவும் வேண்டாம். நாலங்குலப் பிவிசி குழாயை அடியில் மூன்று, மேலே மூன்று பதித்தோம். மேல் துளையில் கையை வைத்தால் காலை ஒன்பது மணிக்கு யாரோ வாயால் ஊதுகிற மாதிரி வெதுவெதுவென்று வந்தது. ஆனால் விடிந்து பார்த்தால் அறை எதிர்பார்த்த அளவு சூடாக இல்லை. அடித் துளைப் பக்கம் கால் வைத்தால் ஜில்லென்றது.

ராத்திரி பத்து மணிக்கு ஊதுபத்தி ஏற்றி மேல் துளைக்கு நேரே பிடித்தேன். புகை உள்ளே வரவில்லை, துளைக்குள் போனது. அடித் துளையில் பிடித்தால் அங்கே அறைக்குள் தள்ளியது. பகலில் ஓடிய காற்று ராத்திரி தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து, கனத்துக் கீழே இறங்கி அறைக்குள் வருகிறது, அறையின் சூட்டை மேல் துளை உறிஞ்சிக்கொள்கிறது. பகலெல்லாம் சேர்த்ததை ராத்திரியெல்லாம் நாமே இறைத்துக் கொட்டுவது. இதற்கு ஒருவழிக் கதவு வேண்டும். தகரத்தில் செய்தால் இந்த மெல்லிய காற்றுக்கு அது திறக்காது. அம்மா தன் பழைய நைலக்ஸ் புடவையில் ஆறு துண்டு வெட்டினார். மேல் துளையில் அறைப் பக்கமாக, அடித் துளையில் கண்ணாடிப் பக்கமாக, மேல் விளிம்பை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டோம், பின்னால் கோழிவலை. பகலில் துணி நடுங்கி விலகுகிறது, ராத்திரி வலையோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. மறுநாள் பத்தி வைத்தபோது புகை அசையாமல் நேரே மேலே போனது. அம்மாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

கூரையை முன்பே கவனித்திருக்க வேண்டும். தகரக் கூரை தெளிந்த வானத்துக்கு நேரே சூட்டை விட்டுவிட்டு வெளிக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மூச்சுக் காற்றின் ஈரம் அதில் படிந்து விடியற்காலையில் சொட்டும். பூண்டு தொங்கிய மூங்கில்களுக்குக் கீழே ரீப்பர் அடித்து, பிளைவுட் சீலிங் போட்டு, அதன் மேல் மூன்று அங்குலத்துக்குத் தெர்மாகோல் பரப்பினோம். ஒயரெல்லாம் குழாய்க்குள். தகரத்துக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு பக்கமும் வலைவைத்த திறப்பு. செலவை வைத்துப் பார்த்தால் மொத்த வேலையில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன். யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் கண்ணாடியை அப்புறம் பாருங்கள், முதலில் கூரைக்குக் கீழே மூடுங்கள்.

எங்கள் சுவரில் காலை வெயில் உள்ளே வந்துசேர ஒன்பது, பத்து மணி நேரமாகிறது. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு அம்மா கட்டிலில் உட்காரும்போது பின்னால் சுவர் சூடாகத் தொடங்கும். எல்லாம் சேர்ந்து வேலை செய்த முதல் ராத்திரியில் இன்னொன்றும் வந்தது. சுண்ணாம்பு அடித்து மூடியும்கூடச் சுவருக்குள் இருந்து பழைய புகையும் பூண்டும் கலந்த அந்த வாசனை. காய்ந்த கல் இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்ததை வெளியே விட்டது. மூன்று, நாலு வாரம் இருந்து அடங்கிவிட்டது. அடுத்த மார்கழியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது: விடியற்காலை வெளியே 4, உள்ளே 14. பதினான்கு டிகிரி ஒன்றும் பெரிய சூடில்லை. ஒரு கம்பளி வேண்டும். கணப்புச் சட்டி வேண்டாம்.

விளக்கு

விளக்கு வேலை சுலபம். 5 வாட் எல்இடி விளக்கு மூன்றும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 வாட்ஹவர். கழிவறைப் பாதையில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு வாட் விளக்கையும் சேர்த்தால் 85 சொச்சம். 12 வோல்ட், 40 ஆம்பியர்ஹவர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலே வெயிலே இல்லாமல் இரண்டு, மூன்று ராத்திரி ஓடும். எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் வைத்துச் சாதாரண பல்பே போடலாம் என்றார். சின்ன இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 வாட் வாங்கினால் ஒரு நாளைக்கு 240 வாட்ஹவர். விளக்குகள் குடிப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கை அது வெறுமனே குடிக்கும். அதனால் எல்லாமே 12 வோல்ட் டிசி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது.

முதலில் மாட்டிய வெள்ளை பல்பை அம்மா இரண்டே நாளில் கழற்றச் சொன்னார். “ஆஸ்பத்திரில படுத்திருக்க மாதிரி இருக்கு, குளிருது.” மஞ்சள் பல்பு மாற்றினோம். தெர்மாமீட்டரில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்கும் குளிர் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மட்டும் இன்னும் கைக்கு அடங்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து நாள் தொடர்ந்து மூட்டம் இறங்கி நிற்கும். உறைபனி இருக்காது, ஆனால் எலும்பில் ஏறுகிற ஈரக்குளிர். அப்போது சுவர் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் அறை 12க்கு இறங்கிவிடும். பேட்டரியும் தவிக்கும், பாதை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுவோம். போன கார்த்திகையில் ஐந்து ராத்திரி அம்மா படியேறி வந்து வீட்டுச் சமையலறையில்தான் படுத்தார். முழங்காலோடு ஏழு படி.

இந்த வருடம் மழைக்கு முன்னால் கண்ணாடிக்கு வெளியே மடக்குக் கதவு போடலாம் என்று ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். நடுவில் தெர்மாகோல் வைத்த இரட்டைப் பலகை. ராத்திரியும் மூட்ட நாளிலும் சாத்திவிட்டால் கண்ணாடி வழியே போகிற சூடு குறையும், இன்னும் ஒரு நாளாவது கூடத் தாங்கும் என்று நினைக்கிறேன். அம்மா சம்மதித்துவிட்டார். கீல் மட்டும் நல்லதாகப் போடச் சொல்லியிருக்கிறார், காலையில் அதைத் திறக்கப் போவது அவர்தானாம்.